லாசரஸின் வலது கை

சிட்லபாக்கம் வீட்டில் ஃபிரிட்ஜ் கதவின் மேல் மூலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு பெயின்ட் மங்கியிருக்கிறது. கிரைண்டரின் பக்கவாட்டில் அப்படி ஓரிடம். வாஷிங் மெஷினில் ஒன்று. மூன்றும் லாசரஸ் தொட்ட இடங்கள். அவர் இந்தப் பிப்ரவரியில் இறந்தார். ஐம்பத்தேழு வயது. மனைவி ரத்தினபாய் ஃபிரிட்ஜைத் துடைக்கும்போது அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டுத் துடைக்கிறார்.

எந்த இயந்திரத்தையும் ஓட்டுவதற்கு முன்னால் லாசரஸ் அதை வலது கை விரல் நுனிகளால் தொடுவார். தொட்ட விரல்களை உதட்டில் வைத்து எடுப்பார். கோயிலில் அந்தோணியார் சுரூபத்தைத் தொட்டு விரலை முத்தி செய்வார்களே, அதே மாதிரி. மொத்தம் ஒரு விநாடி ஆகும். தொட்டது அவருக்கே தெரியாது. யாராவது கேட்டால், "தொட்டேனா?" என்பார்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டீசல் இன்ஜின் சோதிப்பது அவர் வேலை. புதிதாகச் செய்த இன்ஜினைத் தாங்கியில் பூட்டி, நான்கு மணி நேரம் ஓட்டி, தேறுமா தேறாதா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்து நான்கு வயதில் சேர்ந்தார். பக்கத்துத் தாங்கியில் லோகு. லோகு இன்ஜினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். லாசரஸ் தொட்டு முத்தி செய்வார். சேர்ந்த வருடமே ஃபோர்மன் இருவரையும் பார்த்துவிட்டு, "ஒரே இன்ஜினுக்கு ரெண்டு மதமாய்யா?" என்று கேட்டாராம்.

அந்தத் தொடுதல் வெறும் கும்பிடு இல்லை. இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அதே கையை அதன் மேல் வைப்பார். சூடு எங்கே ஏறுகிறது, அதிர்வு எங்கே சீராக இல்லை என்று உள்ளங்கை சொல்லும். பின்னாளில் பதினாறு சென்சாரும் ஒரு திரையும் வந்தன. திரை சொல்வதற்கு முன்னால் லாசரஸ் சொல்லிவிடுவார். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் முதலில் சென்சாரைத்தான் கழற்றிப் பார்த்தார்கள்.

இருபத்தொன்பது வருடம் கழித்து கம்பெனி டீசல் இன்ஜின் செய்வதை நிறுத்தியது. அறிவிப்புப் பலகையில் ஒன்றரைப் பக்கம் ஒட்டியிருந்தார்கள். கடைசி வரியில், உங்கள் எதிர்கால முயற்சிகள் வெற்றி பெற வாழ்த்துகள் என்று இருந்தது.

லோகு அதை விரல் வைத்துப் படித்தார். "இன்னா லாசரு, நம்ம முயற்சியே இதானே? இன்னும் இன்னா முயற்சி பண்ணச் சொல்றான்?"

கடைசி இன்ஜினையும் லாசரஸ் தொட்டு, ஓட்டி, தேறியது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஐந்து இருபது ரயிலில் சானடோரியம் ஸ்டேஷனில் வந்து இறங்கினார்.

லோகு ஒரு மாதத்தில் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ எடுத்தார். லாசரஸ் பதினான்கு மாதம் வேலை தேடினார். ஜெனரேட்டர் பழுது பார்க்கும் கம்பெனிகள், பஸ் ஒர்க்‌ஷாப், லேத் பட்டறை என்று எதையும் விடவில்லை. எல்லா இடத்திலும் நாற்காலி போட்டார்கள். டீ கொடுத்தார்கள். "உங்க அனுபவத்துக்கு இங்க வேலை இல்ல சார்" என்றார்கள்.

"சார்னு கூப்பிட்டா வேலை இல்லைன்னு அர்த்தம், ரத்தினம்" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். "என்னய்யான்னு எவனாவது கூப்பிட்டாதான் நம்பிக்கை."

பெருங்களத்தூரில் புது அடுக்குமாடி ஒன்றில் பம்ப் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. மோட்டார் தானே ஓடித் தானே நிற்கும் வகை. ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். மூன்றாவது மாதம் அங்கே குடியிருக்கும் ஒருவர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, மோட்டார் தானே ஓடும்போது அவர் எதற்கு என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது என்று லாசரஸே சொன்னார்.

மகள் கிறிஸ்டி கருவியியல் படித்தவள். மின்சார பஸ் பராமரிப்புக்கு கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மையம் இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறது என்று ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்தாள். பத்து வாரம். முடிவில் ஒரு தேர்வு. தேறியவர்களை, ஐ.டி. கம்பெனிகளுக்கு மின்சார பஸ் ஓட்டும் நிறுவனம் ஒன்று வண்டலூர் பக்கத்து ஷெட்டில் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். ஒரு நிபந்தனை இருந்தது. சான்றிதழ் வாங்கும் அன்று ஐம்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது.

லாசரஸ் பிறந்தது சவேரியார் திருநாளில், டிசம்பர் மூன்றாம் தேதி. அன்று அவருக்கு ஐம்பத்தைந்து முடியும். தேர்வு நவம்பர் பதினான்கு. அடுத்த பேட்ச்சுக்குத் தேர்வு பிப்ரவரியில்தான். ஆக, இருப்பது இந்த ஒரு வாய்ப்பு.

முதல் நாள் மையத்தின் வாசலில் இருந்தவர், "பையன் எந்த பேட்ச் சார்?" என்று கேட்டார்.

"பையன் நான்தான்" என்றார் லாசரஸ்.

வகுப்பில் பதினெட்டுப் பேர். பதினேழு பேருக்கு இருபது, இருபத்தொன்று வயது. அவரை அங்கிள் என்றார்கள். பயிற்சி கொடுப்பவர் ஜெயஸ்ரீ. இருபத்தாறு வயது. கோவளத்தில் கட்டுமரம் போகும் வீட்டுப் பெண். அவருடைய அம்மா முத்தாலம்மாள் இன்னும் கூடையில் மீன் விற்கிறார். ஜெயஸ்ரீ டிப்ளமோ முடித்து, இரண்டு வருடம் பஸ் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர்.

லாசரஸ் எழுந்து நின்று, "மிஸ், ஒரு சந்தேகம்" என்றதும் வகுப்பு சிரித்தது.

"சார், மேடம்னு கூப்பிடுங்க, இல்ல பேர் சொல்லுங்க. மிஸ்னா எனக்கு எல்.கே.ஜி. எடுக்கற மாதிரி இருக்கு."

"வூட்டுக்காரம்மாவே மிஸ்தாங்க. முப்பது வருஷமா ஸ்கூல்ல கணக்கு எடுக்கறாங்க. சொல்லிக்கொடுக்கறவங்களுக்கு என் வாயில வேற பேர் வராது."

அதற்குப் பிறகு வகுப்பு முழுவதும் மிஸ் என்று கூப்பிட ஆரம்பித்தது. ஜெயஸ்ரீ இரண்டு நாள் எதிர்த்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

முதல் பாடத்தில் அவர் பஸ்ஸின் பின்கதவைத் திறந்து, உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஓடும் தடித்த கேபிள்களைக் காட்டினார். "டீசல் இன்ஜின் ஓடினா காதுக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும், கை வெச்சா கைக்குத் தெரியும். இது அப்படி இல்ல. அறுநூறு வோல்ட் ஓடறப்பவும் இப்படித்தான் கிடக்கும், ஒண்ணுமே இல்லாதப்பவும் இப்படித்தான் கிடக்கும். அதனால இங்க உங்க கையை நம்பாதீங்க, காதை நம்பாதீங்க. மீட்டர் சொல்லணும்."

லாசரஸ் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார்.

எழுத்துத் தேர்வுகளில் அவர்தான் முதல். பேட்டரியின் வெப்பநிலையைப் பற்றி அவர் கேட்ட ஒரு கேள்விக்கு ஜெயஸ்ரீ மறுநாள் படித்துவிட்டு வந்து பதில் சொன்னார். சிக்கல் செய்முறையில் வந்தது.

பஸ்ஸில் கை வைப்பதற்கு முன்னால் மின்சாரத்தை முழுக்கத் துண்டிக்க ஒன்பது படிகள் உண்டு. சாவியை எடுத்துத் தன் பையில் போட வேண்டும். சின்ன பேட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். ரப்பர் கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று காற்றடைத்துப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். பெரிய பேட்டரியின் துண்டிப்புப் பிளக்கை உருவி, அந்த இடத்தில் பூட்டுப் போட்டு, தன் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு மீட்டர் வைத்துப் பூஜ்யம் என்று உறுதி செய்ய வேண்டும். அதுவரை பின்னாலுள்ள பேட்டரிப் பெட்டியிலோ ஆரஞ்சு கேபிளிலோ வெறுங்கை படக் கூடாது. பட்டால் தேர்வில் அங்கேயே ஃபெயில்.

லாசரஸ் தன் முறை வந்ததும் பஸ்ஸின் பின்னால் போய் நின்றார்.

"நிறுத்துங்க சார்" என்றார் ஜெயஸ்ரீ.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே மிஸ்."

"தொட்டுட்டீங்க."

"நானா?"

"தொட்டீங்க அங்கிள்" என்றது வகுப்பு. "முத்தம் வேற கொடுத்தீங்க."

லாசரஸ் தன் விரல்களைப் பார்த்தார்.

"அறுநூறு வோல்ட்டுக்கு முத்தம் கொடுத்திருக்கீங்க சார்" என்றார் ஜெயஸ்ரீ. "மறுபடி முதல்ல இருந்து வாங்க."

முதலிலிருந்து வந்தார். மறுபடி தொட்டார்.

மூன்று வாரத்தில் பதினோரு தடவை பயிற்சி செய்ததில் ஒன்பது தடவை தொட்டார். வலது கையை முஷ்டியாக மூடிக்கொண்டு போனார், முஷ்டியாலேயே தொட்டார். வலது கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு போனார். பேனா இடது கைக்கு மாறியது எப்போது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒருமுறை எதற்கும் இருக்கட்டும் என்று அவர் கையில் கையுறையை முதலிலேயே போட்டுவிட்டார் ஜெயஸ்ரீ. லாசரஸ் கையுறையோடு தொட்டு, கையுறைக்கு முத்தம் கொடுத்தார். அதன் வெள்ளைப் பவுடர் மீசையில் ஒட்டியிருக்க, "இப்ப தொடலையே மிஸ்?" என்று கேட்டார்.

லோகுவிடம் சொன்னபோது லோகு ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டுத்தான் பேசினார். "நா காலைல வண்டிய தொட்டுக் கும்புடாம எடுத்தா அன்னிக்கு முச்சூடும் போலீஸ்காரன் மூஞ்சிதான். உன்னைய தொடாதேன்றாங்க பாரு, பேஜாரு புடிச்ச ஆளுங்க. ஒண்ணு செய். கைய பின்னால கட்டிக்கினு போ."

"கட்டிக்கிட்டா பிளக்கை யாரு உருவுறது?"

"அத்த அந்தப் பொண்ணாண்ட கேளு."

கிறிஸ்டி ஒன்பது படிகளையும் கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, ஃபிரிட்ஜில் ஒட்டினாள். ஒரு மீட்டரும் சின்ன பூட்டு ஒன்றும் வாங்கிக் கொடுத்தாள். வீட்டிலேயே பழகட்டும் என்று அவள் எண்ணம். மறுநாள் மாலை பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ரத்தினபாய்க்கு மாவு அரைக்க வேண்டியிருந்தது. கிரைண்டரின் பிளக் ஒரு டப்பாவுக்குள் இருந்தது. டப்பாவுக்குப் பூட்டு. பூட்டில் ஓர் அட்டை: ஆபத்து. வேலை நடக்கிறது. அகற்றாதே. இப்படிக்கு, லா. லாசரஸ்.

"என்னங்க, அரிசி ஊறி ஆறு மணி நேரம் ஆச்சு."

"பூட்டினவன்தான் திறக்கணும். அதான் ரூல்."

"பூட்டினவர் எங்க?"

"வரேன். மிஸ் என்ன சொல்லியிருக்காங்கன்னா, அவசரத்துல திறக்கறதாலதான் ஆக்சிடென்ட் ஆகுதாம்."

"இந்த மிஸ் என்ன சொல்றாங்கன்னா, இன்னும் ரெண்டு நிமிஷத்துல திறக்கலைன்னா ராத்திரிக்கு ஊறின அரிசிதான்."

லாசரஸ் வந்து பூட்டைத் திறந்தார். பிளக்கைச் செருகினார். சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் கிரைண்டரைத் தொட்டு முத்தி செய்தார். ரத்தினபாய் அதைப் பார்த்துக்கொண்டே அரிசியை அள்ளிப் போட்டார். அவர் பார்த்ததை லாசரஸ் பார்த்தார்.

நவம்பர் பதினான்காம் தேதி தேர்வு நடத்த வெளியிலிருந்து மதியழகன் என்பவர் வந்தார். அதிகம் பேசாதவர். கையில் ஒரு அட்டை, அதில் கட்டம் போட்ட தாள். லாசரஸ் பஸ்ஸின் பின்னால் போய் நின்றார். மதியழகன் தலையைத் தூக்கிப் பார்த்து, தாளில் குறுக்காகச் சிவப்பில் ஒரு கோடு போட்டார். லாசரஸின் விரல்கள் இன்னும் உதட்டில் இருந்தன.

பதினேழு பேர் தேறினார்கள். தேறாதவருக்கு ஒரே ஒரு மறுதேர்வு உண்டு. நவம்பர் இருபத்தெட்டு. அதற்கப்புறம் டிசம்பர் மூன்றுக்கு ஐந்து நாள்தான் மிச்சம்.

அன்று சாயங்காலம் ரத்தினபாய் தோசை வார்த்தார். லாசரஸ் வழக்கம்போல நான்கு சாப்பிடாமல் இரண்டு சாப்பிட்டார்.

அடுத்த நாள் முதல் எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார். ஃபிரிட்ஜைத் திறக்கும்போது கையை இழுத்துக்கொண்டார். மையத்தில் தனியாகப் பயிற்சி செய்தபோது பஸ்ஸின் பின்னால் கைகளை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றார். தொடவில்லை. ஆனால் சாவியை எடுக்க மறந்தார். கையுறையில் காற்றடைத்துப் பார்க்க மறந்தார். பூட்டைப் போட்டுவிட்டு அட்டையை மேஜையிலேயே வைத்துவிட்டார். முப்பது வருடத்தில் அவர் ஒரு வேலையில் மூன்று தப்புச் செய்தது அதுவே முதல் முறை.

ஜெயஸ்ரீ ஸ்டூலில் உட்கார்ந்தார். "தொட்டா ஒரு தப்பு. தொடலைன்னா மூணு தப்பு. நான் என்ன சார் பண்றது?"

"தொட்டாத்தான் மிஸ் எனக்கு வேலை ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி நான் வேடிக்கை பார்க்கறவன் மாதிரி."

"இவ்வளவு நாளா சும்மா சாமி கும்பிடறீங்கன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

ஜெயஸ்ரீ மேஜையில் கிடந்த அட்டையை எடுத்துப் பூட்டில் மாட்டினார். பிறகு, "உங்களுக்காக ரூலை மாத்த முடியாது சார். மாத்தவும் மாட்டேன். கோயம்புத்தூர்ல பஸ் கம்பெனியில என் கூட வேலை பார்த்தவருக்கு ரெண்டு விரல் இல்ல" என்றார்.

"மாத்தக் கூடாது மிஸ்" என்றார் லாசரஸ்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஏரிக்கரை ஓரமாக லாசரஸும் ரத்தினபாயும் நடந்து வந்தார்கள். வேலை போனதிலிருந்து லாசரஸ் பூசையில் கடைசி வரிசையில் நிற்பார். வெளியே வருபவர்கள் விசாரிப்பதற்குள் வந்துவிடலாம். அன்று ரத்தினபாய்க்கு அதுவே எரிச்சல்.

"இப்படி ஓடி ஓடி வந்து என்ன ஆகப்போகுது? தேர்வு எழுதினேன், தேறலை, மறுபடி எழுதப் போறேன்னு சொல்லிட்டுப் போங்களேன். எட்டாம் கிளாஸ்ல வருஷத்துக்குப் பத்து பேர் என்கிட்ட அப்படித்தான் சொல்றான்."

"அவனுக்கு அடுத்த வருஷம் இருக்கு."

"உங்களுக்கு ஒன்பது நாள் இருக்கு."

"கை கேட்க மாட்டேங்குது ரத்தினம். தொடாதேன்னா எப்படி?"

"தொடவே தொடாதேன்னு யாரு சொன்னா? முதல்ல தொடாதேன்னுதானே சொல்றாங்க. இன்னிக்குப் பூசையில சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டறதுக்கு முன்னாடி, மணி அடிக்கறதுக்கு முன்னாடி, அந்த அப்பத்தை நன்மையா வாங்க எழுந்து போனீங்களா? போகலையே. அம்பது வருஷமா அந்தக் கால் சும்மா நிக்குதில்ல? கைக்கு மட்டும் என்ன கேடு? வாங்க, வெயில் ஏறுது, மீன் வாங்கணும்."

லாசரஸ் நின்றுவிட்டார். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனார்.

"இப்ப என்ன சொன்ன?"

"மீன் வாங்கணும்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"கேடுன்னு சொன்னேன். கோபமா?"

"இல்ல" என்றார் லாசரஸ். "மணின்னு ஒண்ணு சொன்னியே."

திங்கட்கிழமை மையத்தில் சாவியிலிருந்து ஆரம்பித்தார். கையுறை, பிளக், பூட்டு, அட்டை, பத்து நிமிடம். மீட்டரின் இரு முனைகளையும் வைத்தார். பூஜ்யம். கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு வெறுங்கையால் பேட்டரிப் பெட்டியைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து எடுத்தார். எடுத்துவிட்டு ஜெயஸ்ரீயைப் பார்த்தார்.

"இது தாள்ல இல்லையே சார்."

"தப்பா மிஸ்?"

"பூஜ்யம் வந்துட்டா அது வெறும் பெட்டிதான். தொடறதுல தப்பில்ல." ஜெயஸ்ரீ நெற்றியைத் தேய்த்தார். "ஆனா மதியழகன் சார் எப்படி எடுத்துப்பார்னு எனக்குத் தெரியாது. தாள்ல இல்லாததைப் பண்ணினா ஃபெயில் போடற ஆளு. பண்ணாமலே முடிச்சிடுங்களேன்?"

"முடிவுல தொடலாம்னு தெரிஞ்சாத்தான் மிஸ் முதல்ல பொறுத்துக்குது."

அந்த வாரம் ஆறு தடவை செய்தார். ஐந்து தடவை கை காத்திருந்தது. ஒரு தடவை காத்திருக்கவில்லை. அந்த ஒன்று எதற்கு என்று இருவருக்கும் விளங்கவில்லை. அது வெள்ளிக்கிழமை நடந்தது. செவ்வாய்க்கிழமை தேர்வு.

செவ்வாய்க்கிழமை மதியழகன் அதே அட்டையோடு வந்தார். தேர்வு எழுத ஒருவர்தான். தேறிய பதினேழு பேரில் ஏழெட்டுப் பேர் லீவு போட்டுவிட்டு வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். மதியழகன் ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

லாசரஸ் பஸ்ஸின் பின்னால் போனார். வலது கை எழுந்தது. பெட்டிக்கு நான்கு விரற்கடை தூரத்தில் வந்துவிட்டது. சுவரோரம் நின்ற ஜெயஸ்ரீ ஓர் அடி முன்னால் வந்தார்.

"இன்னும் மணி அடிக்கலை" என்றார் லாசரஸ்.

"என்ன சொன்னீங்க?" என்றார் மதியழகன்.

"ஒண்ணுமில்ல சார்."

கை அங்கிருந்து திரும்பி ஓட்டுநர் இருக்கைப் பக்கம் போனது. சாவியை எடுத்தது. சட்டைப் பையில் போட்டது. அதற்கப்புறம் லாசரஸ் எதையும் விடவில்லை. கையுறையைச் சுருட்டிக் காற்றடைத்து, காதருகே வைத்துக் கேட்டார். பிளக்கை உருவினார். பூட்டினார். அட்டையில் தன் பெயரை நிதானமாக எழுதினார். பத்து நிமிடம் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். மீட்டர் சரியாக இருக்கிறதா என்று முதலில் வேறொரு பேட்டரியில் வைத்துப் பார்த்தார். பிறகு பஸ்ஸில் வைத்தார். பூஜ்யம். மறுபடி அந்த பேட்டரியில் வைத்து, மீட்டர் பொய் சொல்லவில்லை என்று உறுதி செய்தார். கையுறையைக் கழற்றினார்.

பெட்டியைத் தொட்டு முத்தி செய்தார்.

"நில்லுங்க" என்றார் மதியழகன்.

லாசரஸ் நின்றார்.

"அது எத்தனாவது படி?"

"தாள்ல இல்ல சார்."

"போன தடவை இதைத்தானே பண்ணீங்க? அதுக்குத்தானே கோடு போட்டேன்?"

"போன தடவை மீட்டருக்கு முன்னாடி பண்ணினேன் சார். இப்ப பின்னாடி."

"பின்னாடி மட்டும் எதுக்கு?"

லாசரஸ் யோசித்தார். அவரிடம் அதுவரை யாரும் அதை அப்படிக் கேட்டதில்லை. "இனிமே இதுக்குள்ள கையை விட்டு நான் வேலை செய்யணும் சார். மீட்டர் பூஜ்யம்னு சொல்லிடுச்சு. அதை நான் நம்பறேனா இல்லையான்னு எனக்குத் தெரியணும்ல? நம்பினாத்தானே தொட முடியும்."

மதியழகன் ஜெயஸ்ரீயைப் பார்த்தார். ஜெயஸ்ரீ மின்விசிறியைப் பார்த்தார். மதியழகன் எழுந்து வந்து, மீட்டரைக் கேட்டு வாங்கி, தானே ஒருமுறை வைத்துப் பார்த்தார். பிறகு நாற்காலிக்குத் திரும்பிப் போய்த் தாளை மேலிருந்து கீழே படித்தார். ஒன்பது கட்டத்திலும் ஒவ்வொன்றாக டிக் போட்டார். பத்தாவது கட்டம் அந்தத் தாளில் இல்லை.

"சரி, பெட்டியைத் திறங்க. வேலையைப் பார்க்கலாம்" என்றார்.

பன்னிரண்டரை மணிக்கு லாசரஸ் வெளியே வந்தார். ரத்தினபாய்க்கு போன் செய்தார். வகுப்பில் இருந்ததால் எடுக்கவில்லை. தாம்பரம் ஸ்டாண்டில் லோகு இருந்தார். ஆட்டோவில் ஏற்கெனவே நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். லோகு அவர்களிடம், "எம்மா, எறங்குங்க, வண்டி ஸ்பெஷல் போவுது, பின்னால ஒண்ணு வந்துகினுகீது" என்றார். ஒரு அம்மாள் திட்டிக்கொண்டே இறங்கினார். பள்ளிக்கூடம் வரைக்கும் லோகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசலில் நிறுத்திவிட்டு, "பாஸானியா?" என்றார்.

"ஆனேன்."

"தெரியும். ஃபெயிலாயிருந்தா நடந்து வந்திருப்ப."

சாப்பாட்டு இடைவேளை. வாட்ச்மேன் உள்ளே சொல்லி அனுப்பி, ரத்தினபாய் கையில் சாக்பீஸோடு வெளியே வந்தார். லாசரஸின் முகத்தைப் பார்த்ததும் நடை மெதுவானது. கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"எத்தனை மார்க்?"

"மார்க் கிடையாது. பாஸ், அவ்வளவுதான்."

"மார்க் இல்லாம என்ன பரீட்சை?" என்றார் ரத்தினபாய். சாக்பீஸைக் கை மாற்றிப் பிடித்தார். "எப்ப சேரணும்?"

"ஒண்ணாம் தேதி. காலையில ஆறு மணி ஷிஃப்ட்."

"ஆறு மணின்னா அஞ்சுக்குக் கிளம்பணும். நாலுக்கு எந்திரிக்கணும்."

"நான் எந்திரிச்சுப்பேன். நீ தூங்கு."

"நீங்க எந்திரிச்சிப்பீங்க. சாப்பாடு?"

"ஷெட்ல கேன்டீன் இருக்காம்."

"முதல் நாளே கேன்டீன்ல சாப்பிட்டா உங்களுக்கு வீடு இல்லைன்னு நினைப்பான்" என்றார் ரத்தினபாய். "புளிசாதம் கட்டித் தரேன். அந்த மிஸ்ஸுக்கும் சேர்த்துக் கட்டித் தரேன், போற வழியில கொடுத்துட்டுப் போங்க."

"அஞ்சு மணிக்கு மையம் திறந்திருக்காது."

"அப்ப வரும்போது கொடுங்க."

மணி அடித்தது. ரத்தினபாய் திரும்பி எட்டாம் வகுப்பை நோக்கி நடந்தார். வழக்கமாக அவர் அவ்வளவு வேகமாக நடப்பதில்லை. லாசரஸ் கேட்டுக்கு வெளியே நின்று, அவர் படியேறி உள்ளே போய், எட்டாம் வகுப்பு ஒரே குரலில் வணக்கம் சொல்வது கேட்கும் வரைக்கும் இருந்துவிட்டு, ஆட்டோவில் ஏறினார்.